பெர்ரி மேசன் தோற்ற அத்தியாயம்

கேள்வி

வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். நான் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயது 72. பேத்தி பிளஸ் டூ படிக்கிறாள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நாங்கள் இருவரும் ‘பெர்ரி மேசன்’ என்ற பழைய அமெரிக்க வழக்காடு தொடரைப் பார்ப்போம். வாராவாரம் ஒரு கொலை, தப்பான ஆள் கைது, கடைசியில் மேசன் கேட்கிற கேள்வியில் நிஜக் கொலையாளி உடைந்து போவான். போன வாரம் பார்த்த அத்தியாயமோ தொடக்கத்திலேயே தலைகீழ். தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான ஜூரி ‘குற்றவாளி’ என்கிறது, மேசனின் கட்சிக்காரிக்கு மரண தண்டனை. பேத்தி பாதியில் டிவியை அணைத்துவிட்டாள். “மேசனே தோற்கலாமா தாத்தா? அப்ப அவர் என்ன பெரிய வக்கீல்?” என்று கேட்கிறாள். அவளுக்குச் சட்டம் படிக்கும் ஆசை வந்ததே இந்தத் தொடரால்தான். எனக்கு மூன்று சந்தேகங்கள். குறுக்கு விசாரணையில் நிஜமாகவே ஒருவன் கூண்டில் நின்று கொலையை ஒப்புக்கொள்வானா? அந்தக் கோர்ட்டில் பல நேரம் ஜூரியைக் காணோமே, ஏன்? டிவி பார்த்துவிட்டு வக்கீலுக்குப் படிக்கிறேன் என்பவளைத் தட்டிக்கொடுக்கலாமா, தடுக்கலாமா? அவள் இன்னும் முடிவைப் பார்க்கவில்லை. கொலையாளி யார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

பதில்

ஐயா, வணக்கம். கொலையாளி யார் என்று எழுத மாட்டேன். தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே.

நீங்கள் பார்த்தது ‘தி கேஸ் ஆஃப் தி டெட்லி வெர்டிக்ட்’. 1963 அக்டோபரில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்தது. கட்சிக்காரி ஜேனிஸ் பார்ட்டனாக ஜூலி ஆடம்ஸ் நடித்திருப்பார். தொடர் 1957 செப்டம்பர் 21-ல் தொடங்கி 1966 மே வரை ஓடியது, மொத்தம் 271 அத்தியாயங்கள். அதில் மேசன் ஒரு கொலை வழக்கில் ஜூரியிடம் அப்பட்டமாகத் தோற்று நிற்பதைப் பார்ப்பது அபூர்வம். எனக்கு அந்தத் தொடரிலேயே பிடித்த அத்தியாயம் இதுதான். என் ஜூனியர்களுக்கும் இதைத்தான் பார்க்கச் சொல்வேன். மற்ற அத்தியாயங்கள் நல்ல பொழுதுபோக்கு. இது எங்கள் தொழில்.

பேத்தி கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன். மேசன் அங்கே தோற்றது அவர் வேலையில் குறை வைத்ததால் இல்லை. ஜேனிஸ் தன் வக்கீலிடமே முழுசாகப் பேசவில்லை. தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒன்றை அவரிடமிருந்தே மறைத்துவிட்டாள். வக்கீலுக்குத் தெரியாத உண்மை கோர்ட்டில் இல்லாத உண்மை. ஜூரி தன் முன்னால் வந்ததை வைத்துத்தான் முடிவு சொல்ல முடியும். அந்த ஜூரி மேல் எனக்குக் கோபமே வரவில்லை.

இது எனக்கு நேர்ந்திருக்கிறது. தனியாகத் தொழில் தொடங்கி மூன்றாவது வருடம். ஒரு கொலை வழக்கில் இரண்டாம் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் இரண்டாமவன், என் கட்சிக்காரன். லாரிப் பட்டறையில் வேலை செய்த பையன், இருபத்தாறு வயது இருக்கும். சம்பவ ராத்திரி எங்கே இருந்தாய் என்று எத்தனை முறை கேட்டாலும் “அக்கா வீட்ல சார்” என்பான். அக்காவும் அதையே சொன்னாள். தம்பிக்கு ராத்திரி ரசம் ஊற்றினேன், அப்பளம் சுட்டேன் என்பது வரைக்கும் சொன்னாள். அந்த அப்பளத்தைக் கேட்டே நான் சுதாரித்திருக்க வேண்டும். இரண்டு வருடம் முன்னால் சாப்பிட்ட ராத்திரிச் சாப்பாட்டில் அப்பளம் இருந்ததா என்று யாருக்காவது நினைவிருக்குமா?

அக்காவை எங்கள் தரப்புச் சாட்சியாக ஏற்றினேன். பி.பி., அதாவது அரசு வக்கீல், எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை. “அன்னைக்கு வீட்ல யாரெல்லாம்மா இருந்தீங்க?” என்றார். “நான், வீட்டுக்காரர், பையன், தம்பி.” “பையனுக்கு அப்ப என்ன வயசு?” “நாலு.” “உடம்புக்கு ஒண்ணும் இல்லாம நல்லா இருந்தானா?” அவள் முகம் அங்கேயே மாறிவிட்டது. மேசையிலிருந்து ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து நீட்டினார். அந்த ராத்திரி அவள் பையனுக்குக் காய்ச்சல் என்று ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு ஆஸ்பத்திரியில், கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருந்தாள். பி.பி. அடுத்த கேள்வி கேட்கவில்லை, உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கை கால் ஓடவில்லை.

தீர்ப்பு வந்த அன்று வராந்தாவில் போலீஸ்காரர் பக்கத்தில் நின்றுகொண்டு அந்தப் பையன் என்னிடம், “சார், ஒண்ணு சொல்லணும்” என்றான். சம்பவ நேரத்தில் அவன் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஷெட்டுக்குப் பின்னால் சீட்டாடிக்கொண்டு இருந்திருக்கிறான். கூட ஆறு பேர். அவன் அப்பா சீட்டாட்டக் கடனில் மருந்து குடித்துச் செத்தவர். சீட்டைத் தொட மாட்டேன் என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்தவன் இவன். அந்த அம்மா ஒரு வாய்தா விடாமல் கோர்ட்டில் வந்து உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழக்கூடாது என்று கொலைப் பழியைச் சுமந்திருக்கிறான். மேல்முறையீட்டில் அடையாளம் காட்டியதில் இருந்த ஓட்டையை வைத்து அவன் வெளியே வந்தான். அதற்குள் இரண்டு வருடம் நாலு மாதம் உள்ளே போயிருந்தது.

அதற்குப் பிறகு எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் முதல் நாள் வீட்டாரை வெளியே உட்காரவைத்துவிட்டுத்தான் பேசுவேன். “போலீசுக்குச் சொன்னதை விடுங்க, வீட்ல சொன்னதையும் விடுங்க. எங்கிட்ட சொல்றது வெளிய போகாது” என்பேன். இது சும்மா ஆறுதலுக்குச் சொல்வது இல்லை. வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக்கூடாது என்பது நம் சாட்சியச் சட்டத்திலும் உண்டு, மேசன் வாதாடிய கலிஃபோர்னியாவின் சட்டத்திலும் உண்டு. இனிமேல் செய்யப்போகும் குற்றத்துக்கு யோசனை கேட்டால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஜேனிஸ் பார்ட்டனும் அதை நம்பியிருந்தால் அந்த அத்தியாயமே இருந்திருக்காது.

அப்புறம் உங்கள் முதல் சந்தேகம், கூண்டில் ஒப்புக்கொள்வது. இருபத்தெட்டு வருடமாக கிரிமினல் பக்கம்தான் இருக்கிறேன். ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை. என் சீனியரும் பார்த்ததில்லை. அமெரிக்க வக்கீல்கள் இதற்கு ‘பெர்ரி மேசன் மொமென்ட்’ என்றே பேர் வைத்திருக்கிறார்கள். அங்கே அது கிண்டலும் ஏக்கமும் கலந்த சொல்.

நடைமுறையை யோசித்துப் பாருங்கள். நிஜக் கொலையாளி சாட்சிக் கூண்டில் நிற்கிறான், கேள்வி அவன் கழுத்தை நெருங்குகிறது. அமெரிக்காவில் அவன் ஐந்தாவது திருத்தத்தைச் சொல்லி வாயை மூடிக்கொள்ளலாம். தனக்கு எதிராகத் தானே பேச யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்பது அவர்கள் அரசியல் சட்டம். கொஞ்சம் விவரமான நீதிபதியாக இருந்தால் அவரே விசாரணையை நிறுத்தி, நீ ஒரு வக்கீலைக் கலந்துகொள் என்று சொல்லிவிடுவார். நம் ஊரில் கணக்கு இன்னும் வேடிக்கை. என்னையே மாட்டிவிடும் கேள்வி இது என்று சொல்லிச் சாட்சி தப்பிக்க முடியாது, பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் அப்படிக் கட்டாயத்தில் சொன்ன பதிலை வைத்து அவன் மேல் வழக்கு நடத்த முடியாது, பொய்ச் சாட்சி வழக்கைத் தவிர. ஆக மேசன் பாணியில் இங்கே ஒருவன் உடைந்து அழுதாலும் அந்த அழுகை அவனைத் தூக்குக்கு அனுப்பாது. என் கட்சிக்காரனுக்குச் சந்தேகத்தின் பலன் கிடைக்கலாம், அவ்வளவுதான்.

சரி, நிஜமான குறுக்கு விசாரணை எப்படி இருக்கும்? ஒன்றைச் சொல்கிறேன். கத்திக்குத்து வழக்கு, அமாவாசைக்கு அடுத்த நாள், ராத்திரி ஒன்பதரை மணி. கண்ணால் கண்ட சாட்சி “தெரு லைட் வெளிச்சத்துல நல்லா பார்த்தேன்” என்று அரசு வக்கீல் கேட்டபோது சொல்லிவிட்டார். நான் கேட்டது நாலே கேள்வி.

சம்பவம் நடந்த மறுநாளே போலீஸ் உங்களை விசாரித்தார்களா? ஆமாம். பார்த்தது எல்லாவற்றையும் அன்றைக்கே சொன்னீர்களா? ஆமாம். தெரு லைட் வெளிச்சத்தில் பார்த்ததாக அன்றைக்குச் சொன்னீர்களா?

அவர் நீதிபதியைப் பார்த்தார், பி.பி.யைப் பார்த்தார். “சொன்னதா ஞாபகம் இல்ல” என்றார். அவருடைய போலீஸ் வாக்குமூலத்தில் லைட் என்ற சொல்லே இல்லை என்பது எனக்குத் தெரியும். நாலாவது கேள்வி: அந்த இடத்திலிருந்து கம்பம் எவ்வளவு தூரம்? “பக்கத்துலதான், பத்தடி இருக்கும்.” உட்கார்ந்துவிட்டேன். சம்பவ இடத்தைப் பார்த்து இன்ஸ்பெக்டர் எழுதிய பார்வை மகஜரிலும் வரைந்த ரஃப் ஸ்கெட்ச்சிலும் அந்த இடத்தைச் சுற்றிக் கம்பமே இல்லை. வேப்பமரம் இருக்கிறது, அடிபம்பு இருக்கிறது, கம்பம் இல்லை. அதை இன்ஸ்பெக்டர் கூண்டில் ஏறும் நாளில் அவர் வாயால் வரவைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அன்று கோர்ட்டில் யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கவில்லை. மேலே மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. பின் பெஞ்சில் ஒருவர் தூங்கினார். டைப் அடிப்பவர் ‘ஞாபகம் இல்லை’ என்று அடித்து முடித்தார். நீதிபதி மட்டும் பேனாவை நிறுத்திவிட்டு ஒரு நொடி சாட்சியை நிமிர்ந்து பார்த்தார். எங்களுக்கு மேசன் தருணம் என்பது அந்த நிமிர்ந்து பார்ப்பதுதான். அதற்கு மேல் ஆசைப்பட்டு ஐந்தாவதாக “அப்படியானால் எப்படிப் பார்த்தீர்கள்?” என்று கேட்டிருந்தால், “அவன் குரலை வச்சும் கண்டுபிடிச்சேன் சார், சின்ன வயசுலேர்ந்து தெரியும்” என்று சொல்லி என் வேலை முழுவதையும் கெடுத்திருப்பார். பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதே என்று ஜூனியராகச் சேர்ந்த அன்றே சொல்லித்தருவார்கள். மேசன் வாராவாரம் அதை மீறுவார். அவருக்குக் கதாசிரியர் துணை.

இரண்டாவது சந்தேகம், ஜூரியைக் காணோம் என்பது. நல்ல கண் உங்களுக்கு. பெரும்பாலான அத்தியாயங்களில் நீங்கள் பார்ப்பது கொலை வழக்கின் முழு விசாரணையே இல்லை. அது ‘பிரிலிமினரி ஹியரிங்’, அதாவது முதல்நிலை விசாரணை. கலிஃபோர்னியாவில் ஒருவர் மேல் பெரிய குற்றம் சாட்டினால், அவரை மேல் கோர்ட்டில் நிறுத்தி விசாரிக்கும் அளவுக்காவது முகாந்திரம் இருக்கிறதா என்று ஒரு மாஜிஸ்திரேட் முதலில் பார்ப்பார். அங்கே ஜூரி கிடையாது. சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டிய கட்டாயமும் அரசுத் தரப்புக்குக் கிடையாது. முகாந்திரம் இருந்தால் மேலே அனுப்புவார், இல்லையென்றால் விட்டுவிடுவார். முழு விசாரணை என்றால் பன்னிரண்டு ஜூரர்கள், அத்தனை பேரும் ஒரே முடிவுக்கு வர வேண்டும். கதைக்கு முதல்நிலை விசாரணைதான் வசதி. பன்னிரண்டு பேரை உட்காரவைக்க வேண்டாம், ஜூரித் தேர்வு என்று நாள் கணக்கில் இழுக்க வேண்டாம். ஐம்பது நிமிடச் சொச்சத்தில் கொலையும் நடக்க வேண்டும், தீர்வும் வர வேண்டுமே.

ஒரு வக்கீலாக எனக்கு அங்கேதான் இடிக்கும். முதல்நிலை விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவரின் நிஜ வக்கீல் தன் கையில் இருக்கும் சீட்டைக் காட்டவே மாட்டார். அரசுத் தரப்புச் சாட்சிகள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு, அவர்களை ஒரு பதிலில் கட்டிப்போட்டுவிட்டு, துருப்பை முழு விசாரணைக்கு வைத்துக்கொள்வார். மேசன் வைத்திருப்பதை எல்லாம் அங்கேயே கொட்டிவிடுவார். இன்னொன்று, அங்கே விடுவிப்பது விடுதலைத் தீர்ப்பு ஆகாது. ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை ஆபத்தில் நிறுத்தக்கூடாது என்ற பாதுகாப்பு அந்தக் கட்டத்தில் தொடங்குவதே இல்லை. மறுபடி வழக்குப் போட வழி உண்டு. ஆக மேசனும் அவர் செயலாளர் டெல்லா ஸ்ட்ரீட்டும் துப்பறிவாளர் பால் டிரேக்கும் கடைசிக் காட்சியில் சிரித்துக்கொண்டு காபி குடிப்பதெல்லாம் கொஞ்சம் அவசரக் காபிதான்.

உங்கள் அப்பா காலத்தில் இங்கேயும் இதற்குச் சொந்தக்காரர் ஒருவர் இருந்தார். கமிட்டல் விசாரணை என்பார்கள். செஷன்ஸ் கோர்ட்டுக்குப் போகும் முன் மாஜிஸ்திரேட் சாட்சிகளைக் கேட்டுப் பார்ப்பார். 1973-ல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதை எடுத்துவிட்டது. இப்போது மாஜிஸ்திரேட் நகல்களைக் கொடுத்து வழக்கை மேலே அனுப்புவதோடு சரி. ஜூரிக்கும் அந்தச் சட்டத்தில் இடமில்லாமல் போனது.

ஜேனிஸ் வழக்கில் முழு விசாரணையும் ஜூரியும் வந்தது அதனால்தான் சுரீரென்று தைக்கிறது. தப்பிக்க மாஜிஸ்திரேட் இல்லை. தீர்ப்பு வந்தாயிற்று. கலிஃபோர்னியாவில் அன்றைக்கு மரண தண்டனை என்றால் சான் குவென்டின் சிறையின் விஷவாயு அறை. வழக்கமாகத் தீர்ப்புக்கு முன்னால் துப்புத் துலக்கும் மேசன் இங்கே தீர்ப்புக்குப் பின்னால் ஓட வேண்டியிருக்கிறது. அது எவ்வளவு சிரமம் என்று தெரிய வேண்டுமானால் மேசனைப் படைத்தவரையே பார்க்கலாம்.

எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் நிஜ வக்கீல். 1911-ல் கலிஃபோர்னியாவில் பதிவு செய்துகொண்டு ஆக்ஸ்னார்ட், வென்சுரா பக்கம் தொழில் செய்தார். ஆக்ஸ்னார்டில் சீனக் குடியேறிகளுக்காக நிறைய வாதாடியவர். 1933-ல் முதல் மேசன் நாவல். பிறகு எண்பதுக்கு மேல் எழுதினார். இவர் சொல்லச் சொல்ல உதவியாளர்கள் டைப் அடிப்பார்களாம். பணமும் பேரும் வந்த பிறகு, 1948-ல், தப்பாகத் தண்டிக்கப்பட்டவர்கள் வழக்குகளை மறுபடி கிளறிப் பார்க்க ‘கோர்ட் ஆஃப் லாஸ்ட் ரிசார்ட்’ என்று ஒரு குழு அமைத்தார். பேர்தான் கோர்ட், அதிகாரம் எதுவும் கிடையாது. தடயவியல், துப்பறிதல் தெரிந்தவர்கள் சேர்ந்து பழைய கேஸ் கட்டுகளைப் புரட்டி, ஒரு பத்திரிகையில் எழுதி, அரசாங்கத்தை அசைக்கப் பார்ப்பார்கள்.

அதில் பில் கீஸ் என்பவரின் கதையை நான் மறப்பதில்லை. இப்போது ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவாக இருக்கும் பாலைவனத்தில் பண்ணை வைத்திருந்த மனிதர். 1943-ல் பாதைத் தகராறில் பக்கத்து நிலக்காரரைச் சுட்டுவிட்டார். அவர்தான் முதலில் என்னைச் சுட வந்தார், தற்காப்புக்குச் சுட்டேன் என்றார். ஜூரி நம்பவில்லை, சான் குவென்டினுக்கு அனுப்பினார்கள். ஐந்து வருடம் கழித்துப் பரோலில் வந்தார். கார்ட்னர் குழு வழக்கைக் கையில் எடுத்தது. மன்னிப்பு வந்தது 1956-ல். சம்பவத்திலிருந்து கணக்குப் போட்டால் பதின்மூன்று வருடம். வாராவாரம் ஐம்பது நிமிடத்தில் ஆளை மீட்கும் தொடர் மறு வருடம் ஒளிபரப்பாகத் தொடங்கியது. இரண்டும் ஒரே மனிதரிடமிருந்து வந்தவை என்பதை நினைத்தால் எனக்கு மேசன் மேல் இருக்கும் எரிச்சல் கொஞ்சம் குறையும்.

கடைசியாக, படிக்கலாமா என்பது. டிவி பார்த்து வந்த ஆசை என்று இளக்காரம் செய்யாதீர்கள். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி சோனியா சோட்டோமேயர் நியூயார்க்கின் பிராங்க்ஸில், அரசுக் குடியிருப்பில் வளர்ந்தவர். சின்ன வயதில் சர்க்கரை நோய். துப்பறியும் வேலை உனக்கு ஒத்துவராது என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஆசையை ‘பெர்ரி மேசன்’ பக்கம் திருப்பிக்கொண்டார். 2009-ல் நியமன விசாரணையில் அவரே இதைச் சொன்னார். ஆனால் அவர் மனதில் தங்கியது மேசன் இல்லை, எதிர்ப்பக்கம் நின்ற அரசு வக்கீல் ஹாமில்டன் பர்கர். குற்றவாளி தண்டிக்கப்படுவது மட்டும் நீதி இல்லை, நிரபராதி விடுபடுவதும் நீதிதான், அதனால் தோற்றாலும் எனக்குக் குறையில்லை என்ற பொருளில் பர்கர் பேசும் ஒரு காட்சி அவரை அரசு வழக்கறிஞராக்கியதாம். அதே விசாரணையில் செனட்டர் அல் ஃபிராங்கன், பர்கர் ஜெயித்த ஒரே வழக்கு எது என்று விளையாட்டாகக் கேட்டார். அம்மையாருக்கு நினைவு வரவில்லை. உங்கள் பேத்தியாக இருந்தால் டக்கென்று சொல்லியிருப்பாள். 1958-ல் வந்த ‘தி கேஸ் ஆஃப் தி டெரிஃபைட் டைப்பிஸ்ட்’ அத்தியாயத்திலும் ஜூரி ‘குற்றவாளி’ என்றுதான் சொல்லும். அதற்குள் ஒரு திருப்பம் இருக்கிறது. பார்க்கட்டும், அதையும் நான் சொல்லவில்லை.

இன்னொரு துணுக்கு அவளுக்குப் பிடிக்கும். மேசனாக நடித்த ரேமண்ட் பர் முதலில் நடிப்புத் தேர்வுக்கு வந்தது பர்கர் வேடத்துக்கு. அதுவரை சினிமாவில் பெரும்பாலும் வில்லனாக வந்துகொண்டிருந்தவர்.

தட்டிக்கொடுங்கள். கூடவே இரண்டு விஷயங்களைக் காதில் போட்டு வையுங்கள். ஒன்று, மேசன் சில கதைகளில் போலீசுக்கு முன்னால் சம்பவ இடத்துக்குப் போய்ப் பொருள்களோடு விளையாடுவார். அதை இங்கே செய்தால் வக்கீல் கூண்டுக்கு உள்ளே போய்விடுவார். இரண்டு, மேசனிடம் எப்போதும் ஒரே வழக்குதான் இருக்கும். எங்களுக்குக் காலையில் பதினொரு கட்டு, மூன்று கோர்ட், எல்லாம் ஒரே பத்தரை மணிக்கு. டெல்லா ஸ்ட்ரீட்டும் பால் டிரேக்கும் சேர்ந்து செய்யும் வேலையை எங்கள் குமாஸ்தா ஒருவரே ஒரு பழைய டிவிஎஸ் வண்டியை வைத்துக்கொண்டு செய்வார். முதல் சில வருடம் வருமானம் என்று பெரிதாக எதிர்பார்க்கவும் கூடாது. வீட்டில் அதைத் தாங்குவீர்களா என்பதை அவள் அப்பா அம்மாவோடு பேசிக்கொள்ளுங்கள்.

சேர்க்கை விவரம் சுருக்கமாக: பிளஸ் டூ முடித்ததும் ஐந்து வருடப் படிப்பு. தமிழ்நாட்டில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமும் அதன் கீழ் வரும் கல்லூரிகளும் மதிப்பெண்ணை வைத்து எடுக்கின்றன. திருச்சியில் இருக்கும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு கிளாட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு நாள் அவளை உங்கள் மாவட்ட செஷன்ஸ் கோர்ட்டுக்கு அழைத்துப் போங்கள். திறந்த நீதிமன்றம், யார் வேண்டுமானாலும் பின்னால் உட்கார்ந்து பார்க்கலாம். போனை அணைத்துவிடுங்கள். கொலை வழக்கில் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரோ இன்ஸ்பெக்டரோ கூண்டில் ஏறும் நாளாகப் பார்த்துப் போனால் நல்லது, முந்தின வாரம் கோர்ட் குமாஸ்தாக்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒரு மணி நேரத்தில் அவளுக்குக் கொட்டாவி வந்தால் அதையும் தப்பாக எடுக்காதீர்கள், எனக்கும் வரும். கொட்டாவிக்கு நடுவில் ஏதாவது ஒரு பதிலுக்கு நீதிபதி நிமிர்ந்து பார்ப்பதை அவள் கவனிக்கிறாளா என்று மட்டும் பாருங்கள்.

அந்தப் பாதி அத்தியாயத்தை முடித்துவிடச் சொல்லுங்கள். ஜேனிஸ் எதை மறைக்கிறாள் என்று மேசனுக்கு முன்னால் அவள் கண்டுபிடித்துவிட்டால் எத்தனையாவது நிமிடத்தில் என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள். தபால்காரர் வீட்டுக் கார்டு தொலையாமல் வந்து சேரும்.